மேடையின் உயரம்

எங்கள் வீட்டுச் சமையற்கட்டை இடித்துக் கட்டுவது என்று சென்ற சித்திரையில் தீர்மானமாயிற்று. தீர்மானித்தவன் நான். வரைபடம் போட்டவனும் நானே. நாற்பது ஆண்டுகளாகக் கதைகளில் எத்தனையோ வீடுகளைக் கட்டியும் இடித்தும் பழகியவனுக்கு, நிஜ வீட்டில் ஓர் அறையைக் கட்டுவது பெரிய காரியமா என்ன? கட்டம் போட்ட தாள் வாங்கி வந்தேன். பென்சிலைச் சீவிக்கொண்டு மூன்று இரவுகள் உட்கார்ந்தேன்.

வீடு திண்டுக்கல்லில் ஒரு பழைய தெருவில் இருக்கிறது. மலைக்கோட்டையின் நிழல் அங்கே எட்டுவதில்லை. அந்தப் பாறையின் சூடு மட்டும் தவறாமல் வந்து சேரும். வீடு பாட்டனார் கட்டியது. திண்ணை பெரிது, கூடம் பெரிது. சமையற்கட்டு மட்டும், பந்திக்குக் கடைசியாக வந்தவனுக்கு ஒதுக்கிய இடம் போலப் பின்கோடியில் ஒடுங்கிக் கிடக்கும். உத்திரத்தில் விறகுப் புகையின் கறை இன்னும் போகவில்லை. மேடைக்குப் போட்ட கடப்பைக்கல் நடுவில் விரிந்து, அந்த விரிசலில் எறும்புகள் குடித்தனம் நடத்தி வந்தன.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரிலிருக்கும் மகன் கைபேசியில் படங்கள் அனுப்பினான். வெள்ளை வெளேரென்ற அலமாரிகள். ஒரு கரண்டிகூட வெளியே தெரியவில்லை. குடம் வைக்க இடமும் இல்லை. தண்ணீர் வரும் நாளைப் பார்த்து இருக்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்பி வைத்துப் பழகிய ஊரில், குடத்துக்கு இடமில்லாத சமையற்கட்டை வைத்துக் கொண்டு என்ன செய்வது? 'மாடுலர் கிச்சன்' செய்து தரும் கம்பெனி இளைஞர் ஒருவர் வந்து, அடுப்பும் தொட்டியும் குளிர்பெட்டியும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைய வேண்டும் என்றார். வாஸ்து தெரிந்த நண்பர், அக்கினி மூலையை விட்டுவிடாதே என்றார். எல்லாரையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நான் என் படத்தையே முடித்தேன்.

கொத்தனார் வந்தார். முப்பது ஆண்டுகளாக இந்தப் பக்கத்து வீடுகளையெல்லாம் கட்டியவர். என் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மேடை உயரம் எவ்வளவு ஐயா?"

"36 அங்குலம். பழைய மேடை இருக்கிற அதே உயரம்."

"அம்மாவைக் கேட்டுட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் குனிந்து, மேடைக்கு அடியில் கிடந்த மணை ஒன்றை இழுத்து வெளியே போட்டார். நடுவில் இரண்டு பாதங்களின் அளவுக்குத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது அது.

"இது எதுக்குக் கிடக்குன்னு நினைச்சீங்க?" என்றார்.

அந்த மணையை நான் முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தரை ஈரம் காலில் படாமலிருக்க என் மனைவி அதைப் போட்டிருக்கிறாள் என்றே நினைத்து வந்தேன்.

அந்த மணைக்கு ஒரு சரித்திரம் உண்டு. எங்கள் வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வந்தது 1978இல். அதுவரை என் தாயார் தரையில் உட்கார்ந்துதான் விறகடுப்பில் சமைத்தார். எரிவாயு வந்ததும் நின்று சமைக்கும் மேடை வேண்டும் என்றார்கள். என் தந்தை ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவானவர். கொத்தனாரின் எதிரில் நிமிர்ந்து நின்று, இடுப்பில் கையை வைத்து, "இந்த மட்டத்துக்குக் கட்டு" என்றார். அந்த மேடையில் அவர் தம் ஆயுளில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்ததில்லை. என் தாயாரோ குள்ளம். அவர் ஒன்றும் பேசவில்லை. அதுவரை உட்காருவதற்குப் பயன்பட்ட மணையை அன்றிலிருந்து நிற்பதற்குப் பயன்படுத்திக் கொண்டார். பிறகு என் மனைவி வந்தாள். மாமியார் மருமகளுக்கு விட்டுச் சென்ற சொத்துகளில் அந்த மணையும் ஒன்று.

அன்று இரவு நான் ஒரு கணக்குப் போட்டேன். என் மனைவியின் உயரம் 58 அங்குலம். முழங்கை தரையிலிருந்து 36 அங்குலத்தில் இருக்கிறது. காய் நறுக்குகிற பலகை முழங்கைக்கு நான்கு அங்குலமாவது தாழ்ந்திருந்தால்தான் தோள் வலிக்காது என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் மேடையோ முழங்கை மட்டத்திலேயே இருக்கிறது. அதன்மேல் அடுப்பு ஐந்து அங்குலம். அதன்மேல் குழம்புச் சட்டி எட்டு அங்குலம். ஆக 49 அங்குல உயரத்தில் கொதிக்கும் குழம்பைக் கிளற, அவள் கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டும். சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் குதிகாலை எழுப்ப வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு மூன்று வேளை, முப்பத்தெட்டு ஆண்டுகள். மணை இல்லாவிட்டால் எப்படி முடியும்?

நான் நாவலாசிரியன். என் நாவல்களில் எத்தனை பெண்கள் சமைத்திருக்கிறார்கள்! கண்ணீரை வெங்காயத்தின் மேல் பழிபோட்டு மறைத்திருக்கிறார்கள். அடுப்பு வெளிச்சத்தில் அழகாகத் தெரிந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்காவது தோள் வலித்ததாக நான் எழுதியதில்லை. மனித மனத்தின் ஆழத்தைப் பார்த்துவிட்டதாக மேடைகளில் பேசியவன், என் வீட்டு மேடைக்கு அடியில் கிடந்த மணையைப் பார்க்கவில்லை.

இது ஒரு சின்ன விஷயம் என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்து என்னைச் சமாதானப்படுத்திக் கொள்ளப் பார்த்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், உலகத்தில் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டு வீணாய்ப் போன காரியங்களில் பல இந்தச் சின்ன விஷயத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன. யாருக்காகச் செய்கிறோமோ அவரைக் கேட்பதில்லை.

புகையில்லா அடுப்பின் கதையைப் பாருங்கள். ஐதராபாத்தின் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வகுத்து, கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்கும் புகையில்லாச் சமையற்கட்டு வேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். 1953இல் சென்னையில் அது வெளியாயிற்று. உயர்ந்த நோக்கம். பின்னால் 1983இல் மத்திய அரசு, மேம்பட்ட அடுப்புகளை நாடு முழுவதும் பரப்பும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2002 வரை நடந்த அந்தத் திட்டத்தில் கோடிக்கணக்கான அடுப்புகள் போடப்பட்டன. அவற்றில் பெரும் பகுதி சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. பல வீடுகளில் அடுப்பின் வாய் அந்த வீட்டுப் பானைக்குப் பொருந்தவில்லை. பொருந்திய இடங்களில் பழுது பார்க்க ஆளில்லை. அளவு வகுத்தவர்கள் ஓரிடம், அடுப்பு மூட்டியவர்கள் வேறிடம்.

அப்படியானால், சமைத்தவர்தான் சமையற்கட்டுக்குத் திட்டம் போட வேண்டும், மற்றவர்களுக்கு உரிமை இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் சரியில்லை. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்தில் 1926இல் ஒரு சமையலறை திட்டமிடப்பட்டது. உலகத்தின் இன்றைய சமையலறைகள் பலவற்றுக்கு அதுவே மூலம். வகுத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்மணி. தாம் அதுவரை குடும்பம் நடத்தியதுமில்லை, சமைத்ததுமில்லை என்று அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் அவர் கணக்குப் பார்த்தார். சமைப்பவர் எங்கே எத்தனை அடி நடக்கிறார், எதை எடுக்க எவ்வளவு குனிகிறார் என்று ஆராய்ந்தார். ரயிலில் உணவு தயாரிக்கும் சின்னஞ்சிறு பெட்டியைப் பார்த்துப் பாடம் கற்றார். உட்கார்ந்து காய் நறுக்க ஜன்னலோரம் ஒரு முக்காலி. அரிசி போன்ற சாமான்களுக்கு நம் அஞ்சறைப்பெட்டியைப் போலப் பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள். நகரசபை கட்டிய குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை அமைந்தது.

ஆகவே, கை சமைத்திருக்க வேண்டும் என்பதில்லை. கண் கவனித்திருக்க வேண்டும். என் குற்றம் சமைக்காதது அல்ல என்று தோன்றிற்று. கூடவே இருந்தும் கவனிக்காததுதான் குற்றம்.

இந்த இடத்தில் இன்னொரு வாதம் தலைகாட்டும். பணம் யாருடையது? பணம் போடுகிறவனுக்குத் தீர்மானிக்கும் உரிமை இல்லையா? வெளிப்படையாக யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் இந்த நினைப்புத்தானே என்னைப் பென்சிலோடு உட்கார வைத்தது! எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர்போனது; 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படிப்பட்ட கெட்டிப் பூட்டு ஒன்று என் பாட்டனார் காலத்தில் சாமான் அறைக் கதவில் தொங்கிற்று. சமைத்தவர் பாட்டி, சாவி இருந்தது பாட்டனாரின் இடுப்புக் கயிற்றில். காலையில் அவர் திறந்து அரிசியை அளந்து போடுவார். பாட்டி வாங்கிக் கொள்வார். பூட்டு போய்விட்டது, சாவி போகவில்லை. அது என் தந்தையின் இடுப்பு மட்டமாக மாறிற்று. பிறகு என் பென்சிலாக மாறிற்று.

பணத்தைக் கணக்கிடுகிறவர்கள் நேரத்தையும் கணக்கிட வேண்டாமா? 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடெங்கும் மக்கள் தம் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம் வேலை, ஆணுக்கு 97 நிமிடம். என் வீட்டுக் கணக்கில் முதல் எண் கூடுதல். இரண்டாவது எண்ணைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனேன். மனைவியின் முழங்கையை மறுபடியும் அளந்தேன். நறுக்கும் பலகை 32 அங்குலம், அடுப்பு மேடை 30 அங்குலம் என்று படத்தைத் திருத்தினேன். குற்றத்தை உணர்ந்து பரிகாரமும் செய்துவிட்ட திருப்தியோடு அவளிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"எல்லாம் என் உயரத்துக்கே சரியா இருக்குங்க. அப்ப இனிமேலும் நான் ஒருத்திதான் இங்க நிக்கணும்னு முடிவு பண்ணியாச்சு, அப்படித்தானே?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவளைக் கேட்காமல் கட்டுவது ஓர் அநீதி என்று கண்டேன். அவளுக்கென்றே கச்சிதமாகக் கட்டுவது அதைவிட நாசூக்கான அநீதியாக இருக்கக்கூடும் என்று காணவில்லை. பிராங்பர்ட் சமையலறைமீது பின்னால் எழுந்த குறையும் இதுதான். அகலம் இரண்டு கஜத்துக்குச் சற்றே கூடுதல், மீட்டரில் 1.9க்கு 3.4. ஒருவர் வேலை செய்ய மிகவும் வசதி. இரண்டாமவர் உள்ளே வர வழியில்லை. வேலையைக் குறைக்கப் போட்ட திட்டம், அந்த வேலை யாருடையது என்ற கேள்வியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டது.

ஆண்களுக்குச் சமையல் வராது என்று எங்கள் ஊரில் யாராவது சொல்ல முடியுமா? பூட்டுக்கு அடுத்தபடி திண்டுக்கல்லின் பெயரை ஊர் ஊராகக் கொண்டு போனது பிரியாணி. எங்கள் தெருமுனைக் கடையில் சீரகச் சம்பாவை அண்டாவில் கொட்டித் தம் போடுகிறவர் ஆண். அவருடைய அடுப்பு தரையோடு இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். அண்டா உயரமானது, அடுப்பும் உயர்ந்தால் அடிவரை துடுப்புப் போகாது என்றார். தம் கையளவுக்குத் தாமே கட்டச் சொன்னாராம். முதலாளி வேறு மாதிரி கட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு, "வேற கடைக்குப் போயிருப்பேன்" என்றார். கூலியும் பெயரும் உள்ள இடத்தில் ஆண் சமைக்கிறான். அடுப்பின் உயரத்தையும் அவனே தீர்மானிக்கிறான். இரண்டும் இல்லாத இடத்தில் மணைதான் கிடைக்கிறது.

மதுரைச் சாலையில் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. கையால் செய்யும் வேலையிலிருந்துதான் படிப்புத் தொடங்க வேண்டும் என்ற காந்தியின் ஆதாரக் கல்வியைப் போற்றிய இடம். அந்த வழியாக எத்தனை முறை பேருந்தில் போயிருக்கிறேன்! கூட்டங்களில் காந்தியைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். ஒரு வெங்காயம் உரித்ததில்லை.

இதற்குள் மூன்றாவது பாடம் ஒன்று காத்திருந்தது. அது என் மனைவிக்கும் சேர்த்து.

சமையற்கட்டைப் பின்பக்கம் மூன்றடி நீட்டுவது என்று இருவரும் கலந்து பேசி முடிவு செய்தோம். ஜன்னலைத் திறந்தால் சிறுமலை தெரியும். கொல்லையிலிருக்கும் முருங்கை மரம் மட்டும் இடைஞ்சல். வெட்டிவிடலாம் என்றாள் அவள். கொத்தனார் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொண்டிருக்கும்போது, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருஷமாக அந்த முருங்கை நிழலில், குழாயடியில் குந்தியபடி எங்கள் எச்சில் பாத்திரங்களைத் தேய்ப்பவள்.

"அப்ப நான் எங்கிட்டுக்கா உக்கார்றது?" என்று என் மனைவியைக் கேட்டாள்.

சுண்ணாம்புக் கோடு அவள் உட்காரும் இடத்தின்மேல்தான் போயிற்று. நிழலும் போகவிருந்தது. திண்டுக்கல்லின் சித்திரை வெயிலை அனுபவித்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். என் மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க என்னைக் கேக்கல. நான் இவளைக் கேக்கல."

அவள் என்னைவிடப் பெரிய மனசு படைத்தவள் என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே போதும். நான் முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒருவர் சுட்டிக் காட்டியதால் ஒப்புக்கொண்டேன். அவள் அரை நிமிஷத்தில் ஒப்புக்கொண்டாள். ஆனாலும் அவளும் கேட்கத்தான் இல்லை. மேடை உயரத்தால் துன்பப்பட்டவளுக்கும், தனக்குக் கீழே இருப்பவள் உட்காரும் தரை கண்ணில் படவில்லை. துன்பம் மனிதருக்குத் தானாகவே பார்வையைக் கொடுத்துவிடுகிறது என்று நான் பல கதைகளில் எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை அல்ல. பார்வையை ஒவ்வொரு நாளும் புதிதாகத்தான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவளையே கேட்டோம். உள்ளே தொட்டி வைக்கிறோம், நின்றபடி தேய்க்கிறாயா என்றாள் என் மனைவி. அது அவளுக்குச் சரிப்படவில்லை. பெரிய பாத்திரங்களை உட்கார்ந்து தேய்த்தால்தான் தோது என்றாள். ஆனால் ஈரத்தில் குந்தியிருப்பதால் முழங்கால் பிடித்துக்கொள்கிறதாம். உட்கார ஒரு சின்னத் திட்டு இருந்தால் போதும் என்றாள். பதினெட்டு வருஷமாக அவளுக்குத் தேவைப்பட்டது ஓர் அடி உயரத் திட்டு. இருபது செங்கல் வேலை.

இப்போது சமையற்கட்டு முடிந்துவிட்டது. மூன்றடிக்குப் பதிலாக ஒன்றரை அடிதான் நீட்டினோம். முருங்கை நிற்கிறது. குழாயடியில் திட்டும் மேலே ஓட்டுச் சாய்ப்பும் வந்திருக்கின்றன. அடுப்பு மேடை 30 அங்குலம். ஜன்னலோரம், சிறுமலையைப் பார்த்தபடி, என் உயரத்துக்கு 36 அங்குலத்தில் காய் நறுக்க ஒரு தனிப் பலகை. தண்ணீர்க் குடங்களுக்குத் தாழ்வாக ஒரு கல். கம்பெனி இளைஞர் வந்து பார்த்தால், மேடை ஏன் ஒரே மட்டமாக இல்லை, பார்வைக்கு நன்றாக இல்லையே என்பார். உண்மைதான், படம் எடுத்து அனுப்பினால் அவ்வளவு அழகாக இருக்காது.

அந்த 36 அங்குலப் பலகையில் நான் தினமும் காலையில் காய் நறுக்குகிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அவரைக்காய்க்கு நார் உரிக்க மறந்து இரண்டு முறை பேச்சு வாங்கியாயிற்று. ஒரு மாதம்தான் ஆகிறது. இந்த வழக்கம் நிலைக்குமா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். மேடையை இடித்துக் கட்டப் பன்னிரண்டு நாள் போதுமானதாக இருந்தது. பழக்கம் கடப்பைக்கல்லைவிடக் கெட்டியானது.

பழைய மணையை என்ன செய்வது என்று கொத்தனார் கேட்டார். அடுப்பு எரிக்க யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். மனைவி வேண்டாம் என்றாள். கழுவித் துடைத்துச் சமையற்கட்டு வாசலில் சாத்தி வைத்திருக்கிறாள். உள்ளே நுழையும் போதெல்லாம் அந்த இரண்டு பள்ளங்களும் கண்ணில் படுகின்றன. ஒன்று என் தாயாருடையது, ஒன்று இவளுடையது என்று முதலில் நினைத்தேன். அப்படியல்ல. இருவரும் நின்றது ஒரே இடத்தில்தான்.